ஏழுகிணறு வீடும் இராமலிங்க வள்ளலாரும்

எர்ணாவூரிலிருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூர். அங்கிருந்து காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் வழியாக வந்தால் ஏழுகிணறு. பஸ் ஏறினால் விரைவில் போய்விடலாம். ஆனால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுவன் இந்த வழியைக் கால்நடையாகவே நடந்தான். ஒருநாள் இரண்டு நாள் அல்ல; பல ஆண்டுகள் நடந்தான்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வள்ளலார் என்று புகழ் பெற்ற இராமலிங்க அடிகள்.

ஏழுகிணறு என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? வெள்ளைக்காரர்களின் ஜார்ஜ் கோட்டைக்குக் குடிதண்ணீர் வேண்டியிருந்தது. அதற்காக 1772ஆம் ஆண்டில் இங்கே கிணறுகள் வெட்டினார்கள். அந்தக் கிணறுகளால்தான் இந்தப் பகுதிக்கே ஏழுகிணறு என்று பெயர் ஏற்பட்டது. இங்கே வீராசாமித் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில்தான் வள்ளலார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

குடிவந்த குடும்பம்

சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்தவர் இராமையா பிள்ளை. அவர் மனைவி சின்னம்மை. இவர்களுக்கு 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தவர் இராமலிங்கம்.

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் காலமானார். சின்னம்மை தம் மக்களை அழைத்துக்கொண்டு, பொன்னேரிக்கு அருகில் உள்ள சின்னகாவணத்துக்குப் போனார். அது அவர் பிறந்த ஊர். பிறகு எல்லோரும் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீட்டில் குடியேறினார்கள்.

மூத்த மகன் சபாபதிதான் குடும்பத்தைத் தாங்கினார். அவர் தமிழ் படித்தவர். செல்வர் வீடுகளில் புராணச் சொற்பொழிவு செய்வார். அதில் வரும் வருமானத்தில் தாய், தம்பிமார், தங்கைமார், மனைவி எல்லோரும் வாழவேண்டும்.

தம்பியும் நன்றாகப் படித்துச் சம்பாதிக்க வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். தம்பியோ பள்ளிக்கூடம் போகவில்லை. கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் முன் நின்று பாடிக்கொண்டிருந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்தது. தம்பிக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை இட்டார்.

அண்ணியின் கண்ணீர்

அண்ணியின் பெயர் பாப்பாத்தி அம்மாள். கணவர் சொல்லை மீறவும் முடியவில்லை. பிள்ளை பசித்துத் திரிவதைப் பார்க்கவும் முடியவில்லை. கணவர் இல்லாத நேரத்தில் பையனைக் கூப்பிட்டு யாருக்கும் தெரியாமல் சோறு போட்டார்.

ஒருநாள் வீட்டில் திவசம் வந்தது. உறவினர் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் பந்தியில் இல்லை. எல்லோரும் போன பிறகு அவன் வந்தான். அண்ணி இலை போட்டுப் பரிமாறினார். அப்போது அவருக்கு அழுகை பொங்கி வந்தது. இப்படி ஒளிந்து ஒளிந்து சாப்பிட வேண்டுமா, வீட்டிலேயே இருந்து படிக்கக் கூடாதா என்று கேட்டு மன்றாடினார்.

அந்தக் கண்ணீர் பையனின் மனத்தை மாற்றியது. வீட்டில் தங்கச் சம்மதித்தான். மாடியில் ஓர் அறை கேட்டான். அறைக்குள் ஒரு கண்ணாடியை வைத்தான். விளக்கு ஏற்றி, கண்ணாடியைப் பார்த்தபடி தியானம் செய்தான். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்தான் என்று அவர் வரலாறு கூறும்.

தம்பியின் புலமை அண்ணனுக்கும் ஒருநாள் தெரிந்தது. சபாபதிக்கு உடல்நலம் இல்லாததால், சொற்பொழிவுக்குத் தம்பியை அனுப்பினார். தம்பி பெரியபுராணத்தைப் பற்றி இரவு வெகுநேரம் பேசினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். இனி இவரே பேச வேண்டும் என்று விரும்பினார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளையைப் பற்றி ஊரே பேசியது!

ஒற்றியூருக்கு நடை

வளர்ந்த பிறகு இராமலிங்கரின் மனம் திருவொற்றியூரை நாடியது. அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். ராயபுரத்திலிருந்து முதல் ரெயில் ஓடியதே 1856ஆம் ஆண்டில்தான். வடசென்னையில் இன்று காணும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் இல்லை. கடற்கரை மணலும் தோப்புகளுமாக இருந்த வழியில் அவர் நடந்து போவார். தியாகராசரையும் வடிவுடையம்மனையும் வணங்கிப் பாடுவார். வடிவுடையம்மன் மீது அவர் பாடியது வடிவுடை மாணிக்கமாலை.

ஓர் இரவு திரும்பி வர நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனம் இல்லாமல், பசியோடு திண்ணையில் படுத்துக்கொண்டார். அப்போது அண்ணி வந்து எழுப்பிச் சோறு கொடுத்தார். சாப்பிட்டு உறங்கினார். சற்று நேரத்தில் மறுபடியும் அண்ணி கதவைத் திறந்து வந்து சாப்பிட அழைத்தார்! அப்படியானால் முதலில் வந்தவர் யார்? வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்தாள் என்பர் அன்பர்கள்.

1850ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தி, அக்காள் மகள் தனக்கோடிக்கும் அவருக்கும் திருமணம் செய்துவைத்தார்கள். ஆனால் அவர் மனம் இல்லறத்தில் செல்லவில்லை. 1858ஆம் ஆண்டில் ஏழுகிணறு வீட்டை விட்டுச் சிதம்பரம் பக்கம் போனார். கருங்குழியில் தங்கினார்.

அணையாத அடுப்பு

ஊர் ஊராகப் பசித்த முகங்களைக் கண்டார். பசித்தவன் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கக் கூடாது. முதலில் சோறு போட வேண்டும். அதுவே கடவுளுக்குச் செய்யும் பூசை என்று போதித்தார். 1865ஆம் ஆண்டில் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். வடலூர் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி அங்கே தருமசாலை திறக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதன் நீளம் 21 அடி.

1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

வடலூருக்குப் போகிறவர்கள் அந்தப் பெரிய அடுப்பைப் பார்த்து வியக்கிறார்கள். ஏழுகிணற்றுக்கு வருகிறவர்கள் அந்த மாடி அறையைப் பார்த்து வணங்குகிறார்கள். அந்த வீட்டில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். கணவர் கோபத்துக்கு அஞ்சியபோதும், பசித்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைத்தாரே, அந்தப் பாப்பாத்தி அம்மாள்! பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்பதை வள்ளலார் முதன் முதலில் கண்டது அவருடைய சமையல்கட்டில்தான்.