கல்லில் கைவண்ணம் கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட்

தமிழ்நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்க இலக்கியத்தினின்றே தொடங்குவர். அதற்கு முற்பட்ட காலத்தை ஒரு பத்தியில் கடந்து செல்வர். பாட்டும் இல்லை, கல்வெட்டும் இல்லை, காசும் இல்லை. பின் எதனைக் கொண்டு எழுதுவது என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயினும் பெயர் தெரியாத அம்மூதாதையர் தம் கைத்திறனைக் கல்லிலே விட்டுச் சென்றுள்ளனர். அந்தக் கல்லை எடுத்து, இது மனிதக் கை செய்த கருவி என்று இந்திய மண்ணிலிருந்து உலகிற்கு எடுத்துரைத்த அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய வாழ்வை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் வருகையும்

ஃபூட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார். நிலத்தின் அடுக்குகளை ஆராய்வதும், பாறைகளையும் தாதுக்களையும் வரைபடத்தில் குறிப்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றி அவரும் வில்லியம் கிங் என்பவரும் இணைந்து எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களையும் அவர் ஆராய்ந்து எழுதினார்.

தமிழோடும் அவருக்கு ஓர் உறவு உண்டு. அவர் மணந்த எலிசபெத் ஆன் என்னும் அம்மையார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலிய மொழிபெயர்ப்புப் பணியாற்றியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவருமான அதே பெர்சிவல்தாம் அவர். மாமனார் தமிழ் மக்களின் வாய்மொழியைத் தொகுத்தார்; மருமகனார் அம்மண்ணில் வாழ்ந்த தொல்குடியினரின் கற்களைத் தொகுத்தார்.

பல்லாவரத்துக் கல்

1859ஆம் ஆண்டு ஐரோப்பிய அறிவுலகில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த தீக்கற்கள் மனிதன் செய்த கருவிகளே என்பதை ஆங்கிலேய அறிஞர்களாகிய பிரெஸ்ட்விச், எவன்ஸ் ஆகியோர் நேரில் கண்டு உறுதி செய்தனர். மனித இனத்தின் தொன்மை, அதுவரை எண்ணியதினும் மிக நீண்டது என்பது அதனால் புலனாயிற்று. அத்தகைய கருவிகள் இந்தியாவிலும் இருத்தல் கூடுமோ என்னும் வினா ஃபூட் அவர்களின் உள்ளத்தில் எழுந்தது.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் படைவீரர் பயிற்சித் திடலின் அருகே வெட்டப்பட்டிருந்த ஒரு சரளைக் குழியில் அவ்வினாவிற்கு விடை கிடைத்தது. அங்கே அவர் கண்டெடுத்தது பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அவரும் கிங் அவர்களும் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

சரளைக் குழியைத் தோண்டியவர் பலர். அதனைக் கடந்து நடந்தவர் இன்னும் பலர். அவர்கள் கண்ணுக்கு அது சாலையில் கொட்டும் சல்லியாகவே தோன்றியிருக்கும். ஃபூட் அவர்களுக்கு மட்டும் அது கருவியாகத் தோன்றியது எங்ஙனம் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

கல் உடையும் முறை

காவிரிப் படுகையில் வாழும் நமக்குக் கல் அரிய பொருள். நம் கூத்தாநல்லூர் வயல்களில் எவ்வளவு தோண்டினும் வண்டலும் களியும் மணலுமே வரும். அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வந்தவையே. அம்மி கொத்துவோர் தெருவில் குரல் கொடுத்து வந்து, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்த காட்சி நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது கொத்தும் முறை. பழைய கற்கால மனிதன் கையாண்டது வேறொரு முறை. அதனைச் சில்லு பெயர்த்தல் எனலாம்.

அத்திரம்பாக்கத்து மக்கள் பயன்படுத்திய குவார்ட்சைட், மேலைநாட்டார் பயன்படுத்திய தீக்கல் ஆகியவை சீரான உட்கட்டமைப்பு உடையவை. அவற்றின் விளிம்பில் உரிய கோணத்தில் ஓர் உருண்டைக் கல்லால் ஓங்கி அடித்தால், கிளிஞ்சல் ஓட்டின் உட்புறம்போல் வளைந்த பரப்போடு ஒரு சில்லு பெயரும். அடிபட்ட இடத்திற்குக் கீழே சில்லின்மீது சிறு புடைப்பு ஒன்று தோன்றும். கருக்கல்லில் அதற்கு நேரான குழி விழும். பின் கல்லைத் திருப்பி, முன்விழுந்த குழியின் ஓரத்தையே அடிமேடையாகக் கொண்டு மறுபுறம் அடிக்க வேண்டும். இவ்வாறு மாறி மாறி அடித்து இருபுறமும் செதுக்கினால் கைக்கோடரி உருவாகும். அடுத்த அடி எங்கு விழ வேண்டும் என்பதை இந்த அடிக்கு முன்பே எண்ணியாக வேண்டும். வெள்ளத்தில் உருளும் கல்லும் உடையும். ஆனால் அது ஒழுங்காக இருபுறமும் மாறி மாறி உடைவதில்லை. அவ்வொழுங்கிலேதான் மனிதனின் எண்ணம் வெளிப்படுகின்றது.

இதனை விடவும் நுண்ணியது அழுத்திச் செதுக்கும் முறை. உள்ளங்கையில் தோலை விரித்து, மெல்லிய கற்சில்லை அதன்மேல் வைத்து, மான் கொம்பின் நுனியால் விளிம்பை அழுத்தினால் சிறு சிறு செதில்கள் பெயரும். அம்பு முனைகள் இவ்வாறே உருப்பெற்றன. சில நாட்டு முனைகளில், தச்சர் மரத்தில் காடி எடுப்பதுபோல், அடிப்பகுதியின் இருபுறமும் சிறு காடி வெட்டப்பட்டிருக்கும். அம்புத் தண்டில் நரம்பால் இறுகக் கட்டுதற்கே அக்காடி. அது இறுதியில் செய்யப்படும் வேலை. சற்றே பிசகினால் முழு உழைப்பும் இரண்டு துண்டாகும். 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வெளியுலகிற்கு வந்த இஷி என்னும் பழங்குடியினர், யாஹி இனத்தின் கடைசி மனிதர். 1916இல் மறையும்வரை சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவர், எரிமலைக் கண்ணாடியிலும் உடைந்த புட்டித் துண்டிலும் காடி வெட்டிய முனைகளைப் பார்வையாளர் முன் செய்து காட்டினார். அவர் வழியைப் பின்பற்றி இன்றும் அமெரிக்காவில் பலர் அத்தகைய முனைகளைச் செய்து பழகுகின்றனர்.

நம் நாட்டிலும் கல்லில் சில்லு பெயர்க்கும் கைத்தொழில் குஜராத்தின் காம்பே நகரில் தொடர்ந்து வருகின்றது. தரையில் நாட்டிய இரும்புக் கூரின்மேல் கல்லை வைத்து, எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டி மணிகளை வடிக்கின்றனர் அவ்வூர்த் தொழிலாளர். நம் பெரியவர்கள் விரலில் அணியும் அகீக் கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

செய்து பார்த்தலும் போலி செய்தலும்

பழங்கருவியை மீண்டும் செய்து பார்ப்பதனால் அதன் செய்முறை விளங்கும். முன்னர்க் கூறிய ஜான் எவன்ஸ் தாமே கல் உடைத்துப் பயின்றவர். 1868இல் நாரிச் நகரில் கூடிய தொல்பழங்கால ஆய்வு மாநாட்டில் அவர் அதனைச் செய்து காட்டினார். தென்னிந்தியக் கிழக்குக் கரையின் குவார்ட்சைட் கருவிகளைப் பற்றிய ஃபூட் அவர்களின் கட்டுரையும் அம்மாநாட்டு வெளியீட்டிலேயே இடம்பெற்றது.

ஆயின், அதே கைத்திறன் வேறு வழியிலும் சென்றது. எட்வர்ட் சிம்ப்சன் என்பார் இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து, தாமே செதுக்கிய அம்பு முனைகளைத் தொன்மையானவை என்று கூறி விற்றுப் பிழைத்தவர். அவர் 1862இல், அதாவது பல்லாவரக் கண்டுபிடிப்பிற்கு முந்தைய ஆண்டில், இலண்டன் அறிஞர் கூட்டமொன்றில் தம் வித்தையைச் செய்தும் காட்டினார். தேர்ந்த கண்களும் அவர் பொருள்களில் ஏமாந்தன. எனவே, கல்லில் உள்ள கைவண்ணம் மட்டும் தொன்மைக்குச் சான்றாகாது என்பது தெளிவாயிற்று. கைவண்ணத்தை மீண்டும் செய்யலாம். கல் கிடந்த இடத்தை மீண்டும் செய்ய இயலாது.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் ஃபூட். நிலவியலாளராதலின், கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்பதனைக் கூர்ந்து நோக்கினார். தஞ்சைக்கு அருகில் வல்லம் பகுதியில் நாம் காணும் செம்பூராங்கல் போன்ற செம்மண் படிவங்களிலே அவர் கண்ட கருவிகள் புதைந்திருந்தன. படிவம் உருவாகும் முன்பே கருவி செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அதனால் பெறப்பட்டது. தாம் எடுத்த கற்களுக்கு எண்ணிட்டு, ஊர்ப் பெயரும் கிடைத்த சூழலும் எழுதி வைத்தார்.

பல்லாரிக்கு அருகிலுள்ள குப்கல் மலையில் புதிய கற்காலக் கோடரிகள் பல நிலைகளில் கிடந்தன. சில செதுக்கிய அளவில் நின்றவை, சில கொத்தப்பட்டவை, சில தேய்க்கப்பட்டவை, சில மெருகு ஏறியவை. அவற்றை வரிசைப்படுத்திக் கோடரி செய்யும் முறை முழுவதையும் ஃபூட் விளக்கினார். வழவழப்பான முழுக் கோடரியை மட்டும் விரும்புவோர் எறிந்துவிடக்கூடிய உடைந்த துண்டுகளே அவருக்கு ஆசானாயின என்று கூறின் மிகையன்று.

நெல்லைக் கடற்கரையின் செம்மணல் தேரிகளில், சாயர்புரம் அருகே, நுண்கற்கருவிகளையும் அவர் கண்டார். பின்னாளில் சாய்னர், ஆல்சின் ஆகிய இருவரும் அத்தேரிகளை ஆராய்ந்து 1956இல் எழுதிய கட்டுரை, இருபுறமும் அழுத்திச் செதுக்கிய கல்முனைகள் அங்கிருப்பதனை எடுத்துக்காட்டிற்று. இலங்கையின் பழங்கல்முனைகளோடு ஒப்பிடத்தக்க அவை, தமிழ்நாட்டிலும் அந்நுண்தொழில் அறிந்தோர் வாழ்ந்தமைக்குச் சான்றாகும்.

இறுதிக் காலம்

1884இல் கர்நூல் மாவட்டத்துக் குகைகளில் ஃபூட் அகழ்வாய்வு மேற்கொண்டார். அவர் மகன் ஹென்றியும் அப்பணியில் ஈடுபட்டார். 1891இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும், பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் நிலவியல் பணி ஆற்றினார். பிறகு ஏற்காட்டில் குடியமர்ந்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய அவருடைய தொகுப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. தள்ளாத வயதிலும் அதற்கு விளக்க அட்டவணை எழுதும் பணியை அவர் கைவிடவில்லை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். அட்டவணை 1914இலும், குறிப்புகள் 1916இலும் அவர் மறைவிற்குப் பின்னரே அச்சேறின. ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவுக்கல் உள்ளது.

அவர் இடத்தைக் குறித்து வைத்தமையால் விளைந்த பயன் பெரிது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இலும், அடுத்த கட்டக் கருவித் தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தோன்றியது என 2018இலும் அறிவித்தனர். ஃபூட் குறிப்பெழுதாமல் கற்களை மட்டும் அள்ளிச் சென்றிருப்பின், அவை அருங்காட்சியகத்தின் ஊமைப் பொருள்களாகவே நின்றிருக்கும்.

நாம் கொள்ள வேண்டுவது

நம் படுகையில் கல் இல்லை. ஆதலின் நமக்கு இதில் என்ன தொடர்பு என்று மாணவச் செல்வங்கள் எண்ணற்க. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன்கண்டியூரில், 2006ஆம் ஆண்டு பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டியபோது புதிய கற்காலக் கைக்கோடரி கிடைத்தது. அதில் இருந்த குறிகளைச் சிந்துவெளி எழுத்துகள் என ஐராவதம் மகாதேவன் கருதினார். அக்கருத்தை ஏற்காதோரும் உளர். அக்கருத்து வேறுபாடு எவ்வாறு முடியினும், அவ்வாசிரியர் அதனை விலைக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்கவும் இல்லை. தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். கல்லே இல்லாத வண்டல் நிலத்தில் கிடைத்த கல், யாரோ ஒருவர் தொலைவிலிருந்து சுமந்து வந்த கல்லன்றோ? கடல் கடந்து சென்று பொருள் ஈட்டி வந்த நம் ஊராருக்கு, ஒரு பொருள் கடந்து வந்த தொலைவின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

எனவே, கிணறு வெட்டுகையிலோ கடைக்கால் தோண்டுகையிலோ வழக்கத்திற்கு மாறான கல்லோ ஓடோ கண்ணில் பட்டால், அதனைக் கழுவாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, படமெடுத்து, நம் ஆசிரியர்க்கோ தொல்லியல் துறையினர்க்கோ அறிவித்தல் வேண்டும். ஆர்வமுடையோர் கல்லை உடைத்துப் பழைய முனைகளைச் செய்து பார்க்கலாம். செய்தவற்றின்மேல் தம் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பது கடமை. சென்னை செல்வோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டு ஃபூட் தொகுப்பைக் கண்டு வரலாம். பெயரற்ற முன்னோரின் கையையும் கருத்தையும் ஒருசேரக் காட்டும் ஏடுகள் அக்கற்கள். அவற்றைப் படிக்க நமக்குக் கற்பித்தவர் என்ற முறையில் புரூஸ் ஃபூட் தமிழ் மண்ணின் நன்றிக்குரியவர் ஆவார்.