புயலுக்கு முன் எச்சரித்தவர்: ராபர்ட் ஃபிட்ஸ்ராய்

வானிலை முன்னறிவிப்பு இல்லாத செய்தி அறிக்கையை இன்று காண முடியாது. இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

1805ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிறந்த இவர், 12 வயதிலேயே கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் பீகல் என்ற கப்பலின் தலைவரானார். 1831 முதல் 1836 வரை அக்கப்பலில் இவருடன் பயணம் செய்தவர்தான் அறிவியல் அறிஞர் சார்லஸ் டார்வின்.

1854இல் பிரிட்டிஷ் அரசாங்கம் புதிதாக அமைத்த வானிலைத் துறைக்கு ஃபிட்ஸ்ராய் பொறுப்பேற்றார். கப்பல்களிலிருந்து காற்று, காற்றழுத்த விவரங்களைத் திரட்டுவதே அவருடைய பணி. ஆனால், 1859 அக்டோபரில் வீசிய கடும் புயலில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் உயிரிழந்தனர். தந்திவழி எச்சரித்திருந்தால் இத்தகைய இழப்புகளைத் தவிர்க்கலாம் என்று அவர் வாதாடினார்.

1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கைச் சேவை தொடங்கியது. கரையோர நிலையங்கள் அன்றாட அளவீடுகளைத் தந்தியில் லண்டனுக்கு அனுப்பின. ஆபத்து தெரிந்தால் துறைமுகக் கம்பங்களில் கூம்பு, உருளை வடிவ அடையாளங்கள் ஏற்றப்பட்டன. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டைப் போன்றது இது.

அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் டைம்ஸ் நாளிதழில் அவருடைய வானிலைக் கணிப்புகள் வெளிவந்தன. சோதிடப் பஞ்சாங்கங்கள் ஓராண்டு வானிலையையே ஆரூடமாகச் சொல்லி விற்பனையான காலம் அது. ஃபிட்ஸ்ராய் ஓரிரு நாள்களுக்கு மேல் கணிக்கத் துணியவில்லை. தாம் சொல்வது அளவீடுகளிலிருந்து பெற்ற கருத்தே, தீர்க்கதரிசனம் அன்று எனத் தெளிவுபடுத்தவே 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

கணிப்பு தவறியபோது நாளிதழ்கள் கேலி செய்தன. கப்பல்கள் துறைமுகத்தில் முடங்கியதால் வருமானம் போயிற்று என்று உரிமையாளர்கள் முணுமுணுத்தனர். சொந்தப் பணத்தையும் பொதுப்பணிக்குச் செலவிட்ட ஃபிட்ஸ்ராய், கடனாலும் மனச்சோர்வாலும் வாடி, 1865 ஏப்ரல் 30இல் மறைந்தார்.

மறு ஆண்டு எச்சரிக்கைச் சேவை நிறுத்தப்பட்டது. கடலோடிகளும் துறைமுக மக்களும் அதை மீண்டும் கேட்டதால் 1867இல் திரும்பவும் தொடங்கியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்போ 1879இல்தான் மீண்டு வந்தது. 2002இல் பிரிட்டிஷ் வானிலை அறிக்கையின் கடற்பகுதி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே, இன்று சில தொலைக்காட்சிகள் பதற்றமூட்டும் இசையுடன் சாதாரண மழையையும் பேரழிவாகக் காட்டுகின்றன. புலனத்திலும் அச்சமூட்டும் செய்திகள் பரவுகின்றன. பலமுறை ஏமாந்தவர்கள் உண்மையான எச்சரிக்கை வரும்போது அசட்டையாக இருந்துவிடுவார்கள். அப்போது உயிர்கள் போகும். எனவே எந்தப் புயல் செய்தியையும் பகிர்வதற்கு முன், யார் சொன்னது, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு என்று பாருங்கள். தெரிந்ததை மட்டும் சொல்வதும், உரிய நேரத்தில் தயங்காமல் சொல்வதும் ஃபிட்ஸ்ராய் விட்டுச்சென்ற பாடம்.