நாகூர் ஆண்டவரும் அண்டை அயலாரும்

சமயப் பெரியோர்களின் வாழ்க்கையை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவர்கள் வாழ்ந்த நாளில் நிகழ்ந்தவை என்று உறுதியாகக் கூறத்தக்கவை சிலவே; மறைந்த பின்னர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தவை பலவாகும். இந்துக்களால் நாகூர் ஆண்டவர் என்றும், இசுலாமியர்களால் காதிர் வலி என்றும் போற்றப்படும் ஷாகுல் ஹமீது அவர்களின் வரலாறும் அத்தகையதே. ஆகவே எது வரலாறு, எது மரபுச் செய்தி என்பதை இயன்ற வரையில் பிரித்துக் காட்டியே இக்கட்டுரையை எழுதுகின்றேன். மரபுச் செய்திகளை வெறுங் கதை என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணிக்கப்பூரில், ஹிஜிரி 910ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1504இல் அவர் பிறந்தார் என்பது மரபு. தந்தையார் ஹசன் குத்தூசு; தாயார் பாத்திமா. பாக்தாத் நகரில் அடங்கியுள்ள பெருந்துறவி அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் வழித்தோன்றல் என்று அக்குடும்பத்தைக் கூறுவர். இளமையில் மார்க்கக் கல்வி கற்றபின், ஞான ஆசிரியரைத் தேடிக் குவாலியர் சென்று முகம்மது கௌஸ் என்பாரிடம் பல்லாண்டுகள் மாணவராய் இருந்தார். இந்த முகம்மது கௌஸ் அவர்களின் சமாதி குவாலியரில் இன்றும் உளது. அதன் அருகிலேயே அக்பர் அவைப் பாடகர் தான்சேனின் சமாதியும் உளது. இசையும் துறவும் அடுத்தடுத்து உறங்கும் அந்த இடத்திலிருந்துதான் நம் நாகூராரின் பயணம் தொடங்கிற்று என்பது எண்ணுதற்கு இனிமையானது.

மக்காவிற்குச் சென்று ஹஜ்ஜுக் கடமையை முடித்து, மாலத்தீவு, இலங்கை முதலிய இடங்களைக் கண்டு, தென்தமிழகத்தின் வழியாகத் தஞ்சை நாட்டை அடைந்தார். உடன் வந்த சீடர்கள் நானூற்று நால்வர் என்பர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. லாகூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அவரது வாழ்த்தினால் பிறந்ததாகக் கருதப்பட்ட யூசுப் என்பாரை மகனாக ஏற்றுக்கொண்டார். இன்று தர்காவில் உரிமையும் பொறுப்பும் பெற்றுள்ள சாகிபுமார்கள் அந்த யூசுபின் வழிவந்தோரே ஆவர்.

அவர் வந்த காலத்தில் தஞ்சையை ஆண்டவர்கள் நாயக்க மன்னர்கள். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் காலூன்றியிருந்தனர். கடலோடிகளாகிய மரைக்காயர்களின் கப்பல்களுக்கும் போர்ச்சுகீசியரின் கப்பல்களுக்கும் ஓயாத பூசல் நிலவிய காலம் அது. கடலை நம்பிப் பிழைப்போர்க்குக் காற்றிடமும் அச்சம், பீரங்கியிடமும் அச்சம். கப்பலைக் காத்த கதைகள் இந்தப் பெரியார் மீது இத்தனை ஏற்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கதையில், முகம் மழித்துக் கொண்டிருந்த அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கடலை நோக்கி வீசினார். அது எங்கோ நடுக்கடலில் மூழ்கவிருந்த ஒல்லாந்தர் கப்பலின் ஓட்டையை அடைத்தது என்பர். ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் பிடித்ததோ 1658இல். அப்போது அவர் மறைந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கதை சொன்னவர்கள் தம் காலத்துக் கப்பலையே உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் போலும்! எந்தச் சமயத்தவர் கப்பலாயினும் அதனைக் காப்பவர் அவர் என்று மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை மட்டும் பொய்யன்று.

தஞ்சை அச்சுதப்ப நாயக்கரின் செய்தி அனைவரும் அறிந்ததே. மன்னர் தீராத பிணியுற்றுக் கிடந்தபோது, அரண்மனையில் ஓரிடத்தில் உடலெங்கும் ஊசி குத்தப்பட்ட புறா ஒன்று இருப்பதை அறிந்து அதனைக் கொண்டுவரச் செய்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஊசி நீங்க நீங்க மன்னரின் நோயும் நீங்கிற்று என்பர். தர்காவில் புறாக்களைப் பறக்கவிடும் வழக்கம் இதிலிருந்தே வந்தது. நன்றி மறவாத மன்னர் நாகூரில் கடலோரமாக நிலம் வழங்கினார். அந்த நிலத்தில்தான் இன்று தர்கா நிற்கின்றது. இந்து மன்னர் கொடுத்த மண் என்பதனை நினைவில் நிறுத்திக் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

நாகூருக்கு வடக்கேயுள்ள வாஞ்சூரில் நாற்பது நாள் தனித்திருந்தும், சில்லடிக் கடற்கரையில் தவமிருந்தும், நாடி வந்தோர்க்கு ஆறுதல் கூறியும் எஞ்சிய நாட்களை அவர் கழித்தார். ஹிஜிரி 978இல், கி.பி. 1570ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுதியதாக நூல்கள் நிலைக்கவில்லை, படை திரட்டவில்லை, மடம் கட்டவில்லை. யூசுபும் சீடர்களும் எளிய சமாதி ஒன்றையே எழுப்பினர்.

ஆயினும் சமாதி வளர்ந்தது. வளர்த்தவர்கள் யாவர் என்பதே என் கட்டுரைக்கு வேண்டுவது. தர்காவின் ஐந்து மினராக்களில் மிக உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினராவைக் கட்டுவித்தவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். ஆண்டுதோறும் பதினான்கு நாள் நடைபெறும் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு நாகூர் வரும்போது தெரு நெடுகிலும் காத்திருப்போரில் பெரும்பகுதியினர் இந்துக்கள். சமாதியின் மேல் போர்த்தும் போர்வை இந்துக் குடும்பம் ஒன்றிலிருந்து பரம்பரை உரிமையாக வருகின்றது. தறி ஓசையில் கண் விழிக்கும் காஞ்சி வட்டாரத்து மக்களாகிய நமக்கு ஒரு துணியின் அருமை தெரியும். அதனைக் கொடுப்பதைக் கடமை என்னாமல் உரிமை என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது எத்துணைப் பெரிய செய்தி! தர்காக் குளத்தில் நீராடி முடியிறக்குவோரும், கண், கை, கால், வீடு, படகு ஆகிய வடிவங்களில் தகடு வாங்கிக் காணிக்கை செலுத்துவோரும், மனநலம் குன்றிய பிள்ளையை அழைத்து வந்து வாரக்கணக்கில் தங்குவோரும் இன்ன சமயத்தார் என்று பிரித்தறிய இயலாது. வியாழன் இரவுகளில் சென்று பார்த்தவர்கள் இதனை அறிவர்.

கடல் கடந்த தமிழர்களும் அவரை உடன் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையே அவர் பெயரால் ஒரு நினைவகம் கட்டப்பட்டது. பினாங்கிலும், இலங்கையின் கல்முனையிலும் உள்ளன. அங்கெல்லாம் அவருடல் இல்லை. பெயர் மட்டுமே உண்டு.

இனி, அவர் மறைந்து நானூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைக் கூறவேண்டும். இது அவர் வரலாற்றில் அடங்குமா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். அடங்கும் என்பதே என் கருத்து.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இதனை வாசிக்கும் மாணவ நண்பர்களில் பெரும்பாலோர் அன்று பிறந்திருக்கமாட்டோம். காலை 6.28 மணிக்குச் சுமத்திராத் தீவினருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது, அளவு 9.1. இரண்டரை மணி நேரத்திற்குள் பேரலை நம் கரையை அடைந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை நிலையம் எதுவும் அன்று இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல்தான். இரண்டரை மணி நேரம் என்பது ஓர் ஊரையே காலி செய்யப் போதுமான நேரம் என்பதை இயற்பியல் படிக்கும் எவரும் வேதனையோடுதான் எண்ணுவர். தமிழகத்தில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நம் வாலாஜாபாத்தைக் கடந்து செல்லும் பாலாறு போய்ச் சேரும் கரையும் அன்று தப்பவில்லை. அந்நாளைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடலோரக் குப்பங்களில் இறந்தோர் நூற்றுக்கு மேல்.

நாகையின் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் சிதைந்தன. நாகூர்ப் பட்டினச்சேரியிலிருந்து மீனவ மக்கள் ஓடினார்கள். எங்கே ஓடுவது? உயரமான மினரா தெரிந்த திசையே அவர்கள் அறிந்த திசை. தர்காவின் கதவுகள் திறந்தே இருந்தன. உடுத்த துணியும் நனைந்த நிலையில் வந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது, உணவும் கிடைத்தது. அந்தக் கூடங்களில் இந்துக்கள் தங்குவது புதிய செயலே அன்று. முடியிறக்க வந்தும், நேர்ந்துகொண்டு வந்தும் அவர்களும் அவர்தம் பாட்டன்மாரும் தங்கிய கூடங்கள் அவை. அன்று புதிதாக இருந்தது கூட்டம் மட்டுமே.

அடுத்த துயரம் பிணங்கள். கரையொதுங்கிய உடல்களை எடுக்கவும் அடக்கவும் ஆள் இல்லை, இடமும் இல்லை. நாகூர் முசுலிம் இளைஞர்கள் சேற்றில் இறங்கி உடல்களைத் தூக்கி வந்தனர். தர்காவுக்குரிய நிலத்தில் குழிகள் வெட்டப்பட்டன. இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கப்படவில்லை. இசுலாமியர் அடக்கத்தலத்தில் பிற சமயத்தவரை அடக்கம் செய்வது சிறு செய்தியன்று என்பதை இரு சமயத்தாரும் அறிவர். நாயக்க மன்னர் ஒரு முசுலிம் துறவிக்கு மண் கொடுத்தார். அத்துறவியின் மக்கள் அதே கரையில் இந்து மீனவர்க்கு மண் கொடுத்தனர்.

நாகூரில் மட்டுமே இது நடந்ததென்று கூறின் பிழையாகும். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், முசுலிம் ஜமாஅத்தார் சுற்றுக் குப்பங்களின் மீனவர்களுக்குத் தங்க இடமளித்துப் பல நாட்கள் உணவு சமைத்து வழங்கினர். வேளாங்கண்ணியில் கிறித்துமசுக்கு மறுநாள் ஞாயிறு வழிபாட்டுக்கென வந்திருந்த பயணிகள் ஏராளமானோர் மாண்டனர். அங்கே பெருங்குழிகளில் பல சமயத்தவரும் ஒன்றாகவே அடக்கமாயினர்.

இங்கே கசப்பான ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். சமயம் பாராமல் கைகொடுத்த அதே நாட்களில், நிவாரண முகாம்கள் சிலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தங்குமிடமும் குடிநீரும் மறுக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்பினர் பதிவு செய்துள்ளனர். அழுகிய உடல்களை அகற்றப் பல நகராட்சிகளிலிருந்தும் வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் யார், எந்தச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடவுளைக் கும்பிடுவோர் ஒரே குடத்து நீரைப் பகிர மறுத்ததும், வேறு கடவுளைத் தொழுவோர் தம் அடக்கத்தலத்தையே திறந்துவிட்டதும் ஒரே வாரத்தில், ஒரே கரையில் நடந்தன. நாகூருக்கும் அந்த முகாம்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? நல்லவர் இங்கும் இருந்தனர், அங்கும் இருந்தனர். நாகூரில் நானூறு ஆண்டுகளாக ஒரு பழக்கம் இருந்தது. போர்வை கொடுத்துப் பழகிய வீடு, புறா விட்டுப் பழகிய கை, கூடத்தில் படுத்துப் பழகிய உடல், வந்தவனை யாரென்று கேளாமல் பழகிய வாயிற்காவலர். முகாம்கள் முந்தின நாள் வரை இல்லாதவை. அங்கே ஊரின் பழைய பழக்கமே உடன் குடிவந்தது.

அலைக்குப் பிறகு பல மாதங்கள் மீனவர் கடலுக்குச் செல்லவில்லை. படகில்லை, வலையில்லை, இருந்தவர்க்கும் துணிவில்லை. பின்னர் ஒருவர் இருவராய்ச் செல்லத் தொடங்கினர். நாகூர்க் கடலில் தொலைவு சென்ற படகு திரும்பும்போது, கரை கண்ணுக்குத் தெரியுமுன் முதலில் தெரிவது பிரதாபசிம்மர் கட்டிய அந்த 131 அடி மினராதான். அதனைக் குறியாக வைத்தே இன்றும் படகைத் திருப்புகிறார்கள்.