வெண்புள்ளிக்கு மருந்து எழுதிய இப்னுல் பைத்தார்

நமது நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி கேட்டு வருவோர் இன்றும் உண்டு. குளியல் பொடியில் சேர்க்கச் சிலர் வாங்குவர். மேனியில் வெண்புள்ளி கண்டு, அதற்கு மருந்தென்று சிலர் வாங்குவர். அவ்வரிசியில் உள்ள சத்தின் இனத்தைச் சேர்ந்த சத்து, மிஸ்ர் நாட்டில் முளைக்கும் வேறொரு செடியின் விதையிலும் இருக்கிறது. அவ்விதையின் குணத்தை 13-ம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதி வைத்தவர்கள் அறிஞர் இப்னுல் பைத்தார் அவர்கள்.

ஸ்பெயின் தேசத்து மாலகா நகரில் கி.பி. 1197-ஐ ஒட்டிப் பிறந்தார்கள். பைத்தார் என்றால் கால்நடை வைத்தியர். இஷ்பீலியாவில் அபுல் அப்பாஸ் நபாத்தீ என்ற ஆசிரியருடன் ஊர்ப்புறம் சென்று செடி திரட்டியதே அன்னாரின் முதற் பாடம். 1219 வாக்கில் ஊரை விட்டுப் புறப்பட்டு, வட ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சென்று, மிஸ்ரை அடைந்தார்கள். ஸுல்தான் அல் காமில் அவர்களை மூலிகை வல்லுநர்களின் தலைவராக நியமித்தார். பின்னர் திமிஷ்கிலும் பணி புரிந்தார்கள்.

அந்த விதையின் கதைக்கு வருவோம். செடிக்குப் பர்பர் மொழியில் ஆத்ரீலால் என்று பெயர். பறவைக் கால் என்பது பொருள். பிஜாயா பக்கத்துப் பர்பர் கூட்டத்தார் ஒருவர் இம்மருந்தைத் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லும் இரகசியமாக வைத்திருந்தனர். நோயாளிகள் அவர்களைத் தேடிப் போவார்கள். மருந்து கிடைக்கும், பெயர் கிடைக்காது. வியாபாரிகளாகிய நமக்கு இது புதிய செய்தியல்லவே! இப்னுல் பைத்தார் அவர்களோ பெயரையும், செய்முறையையும் ஏட்டில் எழுதி ஊரறியச் செய்துவிட்டார்கள். விதையைப் பொடித்துத் தேனில் குழைத்து உண்டு, கோடை வெயிலில் வெண்புள்ளி உள்ள இடத்தைக் காட்டி அமர வேண்டும். புள்ளியில் மட்டும் கொப்புளம் எழும்பும். அது ஆறும்போது தோல் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

வெயில் எதற்கு என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது. 1947-ல் மிஸ்ர் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவ்விதையிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்தார்கள். டாக்டர் அல் முஃப்தீ அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அச்சத்து, தோலை வெயிலின் புற ஊதாக் கதிருக்குக் கூர்மையாக்குகிறது. அக்கதிர் நிறம் தரும் அணுக்களைத் தூண்டுகிறது. 1974 முதல் சத்தும் விளக்கொளியும் சேர்ந்த சிகிச்சை செதில் படைக்கும் வந்தது. ஆனால் அளவு மீறினால் தோல் வெந்துவிடும். நீண்டகாலம் செய்தால் தோல் சீக்கிரம் மூப்படையும், புற்றுநோய் அபாயமும் கூடும். ஆகவே கார்போகரிசிப் பொடியைப் பூசிக்கொண்டு வெயிலில் அமரும்படி வாடிக்கையாளருக்கு நாம் கல்லாவில் இருந்துகொண்டு சொல்லலாகாது; டாக்டரிடம் அனுப்புவதே முறை.

அன்னாரின் பெரு நூலில் சுமார் 1400 சரக்குகள் அகர வரிசையில் உள்ளன. அவற்றில் 300 போல முன்னோர் நூல்களில் இல்லாதவை. ஒரே செடிக்குப் பல மொழிப் பெயர்களைத் தந்திருப்பது, சரக்கு மாறி வாங்கி ஏமாந்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். திமிஷ்குக்கு வெளியே அவர்களுடன் செடி தேடி நடந்த மாணவர் இப்னு அபீ உஸைபியா, ஆசிரியரைப் பற்றி ஒன்றை வியந்து எழுதியிருக்கிறார். எந்த மருந்தைச் சொன்னாலும், அது டயஸ்கோரிடீஸ் அல்லது காலன் நூலில் எந்தப் பாகத்தில், எத்தனையாவதாக வருகிறதென்று நினைவிலிருந்தே சொல்வார்களாம்.

கி.பி. 1248-ல் திமிஷ்கில் வபாத்தானார்கள். அவர்களது நூல் 1874-ல் கெய்ரோ பூலாக் அச்சகத்தில் அச்சாகியது; சில ஆண்டுகளில் பிரெஞ்சு மொழிக்கும் பெயர்ந்தது.