நாணலை மறக்காத ஜானகி அம்மாள்

உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போது ஈ.கே. ஜானகி அம்மாளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நம் நாட்டுக் கரும்பு அப்போது ஒல்லி, சாறும் குறைவு. வெளிநாட்டுக் கரும்பு தடிமனாக, இனிப்பாக இருக்கும். ஆனால் வட இந்தியக் குளிரைத் தாங்காது. இதற்கு வழியை அங்கே முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலோடு கரும்பைக் கலப்பதுதான் அது. பார்பரும் வெங்கட்ராமனும் அப்படி உருவாக்கிய கோ 205 ரகம் 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது.

ஜானகி அம்மாள் பார்த்தது அதன் உள்கணக்கை. இன்றைக்கு ஒரு மரபணுவை மட்டும் எடுத்து இன்னொரு செடியில் வைக்கிறார்கள். அன்று அதெல்லாம் கிடையாது. நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணி, எந்தச் செடி எதோடு சேரும், பிறக்கும் செடிக்கு யார் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். (வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இந்த வேலையில் தனி மரியாதை!) கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார் என்றால் துணிச்சலை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் லண்டனில் குண்டுவீச்சுக்கு நடுவே ஆராய்ச்சி. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து நூலாக்கினார். பிறகு விஸ்லி தோட்டத்தில், கால்ச்சிசின் என்ற மருந்தால் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். நம் மாநிலப் பூவான செங்காந்தளிலும் அந்தக் கால்ச்சிசின் உண்டு. அவர் பெயரில் ஒரு மக்னோலியா ரகமே இருக்கிறது. 1951-ல் நேரு அழைக்க, இந்தியா திரும்பித் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது கடைசி அத்தியாயம்தான். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். விளைச்சலுக்காக உழைத்தவர், வளர்ச்சி வேண்டும் என்று தலையாட்டியிருக்கலாம். அவர் எதிர்த்தார். நாணல் இல்லாமல் நல்ல கரும்பு வந்திருக்காது என்று அறிந்தவர் ஆயிற்றே! காடு மூழ்குமுன் அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். அப்போது வயது எண்பதை ஒட்டி.

1984 பிப்ரவரியில் அவர் காலமானார். அணைத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று.