மதீனாப் பள்ளிவாசலில் ஒரு கூடாரம்



சில வாரங்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் ஹவுளருகே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் அருகில் வந்து, சற்றுத் தயங்கியபின் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறியிருக்கிறாள். நர்ஸிங் பட்டப் படிப்பில் சேர விரும்புகிறாள். வீட்டுப் பெரியவர்களோ இசையவில்லை. அந்நியருடைய உடலைத் தொட்டுக் கழுவும் வேலை, இரவு முழுவதும் வீட்டுக்கு வெளியே இருக்கும் வேலை, நம் குடும்பத்துக்கு இது தகுமா என்கிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்று அவர் அறிய விரும்பினார்.

இந்த அன்பரின் தாயார் இடுப்பெலும்பு முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்ததை நான் அறிவேன். அப்போது அந்த அம்மையாரைப் புரட்டிப் படுக்க வைத்து, புண் வராமல் காத்து, நேரந்தவறாமல் மருந்தூட்டியவள் ஒரு தாதி. அவளுக்காக துஆச் செய்யுமாறு இவரே என்னிடம் கேட்டிருந்தார். அந்தத் தாதியும் ஒரு வீட்டின் மகள்தானே!

அடுத்த வாரம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினேன். காரணத்தை உங்களிடம் மறைப்பதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியுடன் வேறொரு தந்தை என்னிடம் வந்தார். எந்தக் கிதாபையும் புரட்டிப் பாராமல், வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடையளித்து விட்டேன். அந்தப் பெண்ணின் படிப்பு அத்தோடு நின்றது. அந்த ஒரு சொல் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஆகவே இம்முறை கிதாபுகளைத் திறந்தேன். நான் கண்ட ஒரு வாழ்வை உங்கள் முன் வைக்கிறேன்.

அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இஸ்லாமிய வரலாற்றின் முதல் தாதி என்று இக்காலத்து நூல்கள் அவரைப் போற்றுகின்றன. முற்கால ஆசிரியர்கள் அவரைப் பற்றி எழுதியவையோ சில வரிகளே. ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் எவ்வளவு பொருள் பொதிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக், ருஃபைதாவைப் பற்றி மூன்று செய்திகளைத் தருகிறார். அவருக்குப் பள்ளிவாசலில் ஒரு கூடாரம் இருந்தது. அவர் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்து வந்தார். முஸ்லிம்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தோருக்குப் பணிவிடை செய்வதற்கெனத் தம்மையே ஒப்படைத்திருந்தார். இந்த மூன்றாவது செய்தியைச் சொல்லுமிடத்தில் ஆசிரியர் கையாளும் அரபுச் சொல், இஹ்திஸாப் என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. கூலியை மனிதரிடம் எதிர்பாராமல், இறைவனிடம் கணக்கு வைத்துச் செய்வதையே அச்சொல் குறிக்கும். ரமலான் நோன்புக்கும் இரவுத் தொழுகைக்கும் நாம் எந்தச் சொல்லை ஓதுகிறோமோ, அதே வேர்ச் சொல் ஒரு பெண்மணி புண்களைக் கழுவிய பணிக்கும் வழங்கப்பட்டிருக்கிறது.

கூடாரம் நின்ற இடத்தையும் கவனியுங்கள். ஊருக்கு ஒதுக்குப்புறத்திலோ, கடைத்தெருவின் கோடியிலோ அது இல்லை. ஐவேளைத் தொழுகை நடந்த, வஹீ இறங்கிய, வெளிநாட்டுத் தூதுக்குழுவினர் வந்து தங்கிய பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே இருந்தது. இரத்தமும் சீழும் அசுத்தம் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் பெருமானார் (ஸல்). அறிந்திருந்தும் அங்கே இடமளித்தார்கள்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், அகழ்ப் போர் மூண்டது. ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட எதிரிப்படை மதீனாவை முற்றுகையிட்டது. அகழின் இப்பால் நின்ற முஸ்லிம்கள் சுமார் 3,000 பேர். குளிரும் பசியும் அவர்களை வாட்டின. ஔஸ் குலத்தின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அணிந்திருந்த கவசம் அளவிற் சிறியது; முன்கை முழுவதும் வெளியே தெரிந்தது. அந்தக் கையின் நடு நரம்பில் எதிரியின் அம்பு தைத்தது. குருதி நிற்கவில்லை.

ஸஅத் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். மதீனாவின் இரு பெருங்குலங்களில் ஒன்றின் தலைவர். அவருக்கு வீடு உண்டு. பெற்ற தாயார் உண்டு. பணிவிடை செய்யக் குலத்தார் அனைவரும் உண்டு. எனினும் அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்குமாறு அண்ணலார் (ஸல்) ஆணையிட்டார்கள். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். கவனிப்பாரற்றோருக்கென அமைந்த கூடாரம் குலத்தலைவருக்கும் உரியதாயிற்று. ஏழைக்கு ஒரு மருத்துவம், தலைவருக்கு ஒரு மருத்துவம் என்ற பேதம் அங்கே இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே அந்தக் காயத்துக்குச் சூடு போட்டுக் குருதியை நிறுத்தினார்கள் என்றும், கை வீங்கியபோது மீண்டும் சூடிட்டார்கள் என்றும் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் நூலில் உள்ளது. சூடு போடுவது கணப்பொழுதில் முடிந்துவிடும் காரியம். அதன் பின் வரும் இரவுகள் நீண்டவை. கட்டு நனைந்திருக்கிறதா, காய்ச்சல் ஏறுகிறதா, தண்ணீர் அருந்தினாரா, கையை அசைத்துவிட்டாரா என்று விழித்திருந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது? மருத்துவமனையில் நோயாளியோடு ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இமாம் புகாரி (ரஹ்) தமது அல் அதபுல் முஃப்ரத் நூலில் மேலும் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஅதைக் கடந்து செல்லும்போதெல்லாம், மாலையானால் அன்றைய பகல் எப்படிக் கழிந்தது என்றும், காலையானால் இரவு எப்படிக் கழிந்தது என்றும் வினவுவார்கள். ஸஅத் நிலைமையைச் சொல்வார். இன்று பெரிய மருத்துவமனைகளில் காலையிலும் மாலையிலும் வார்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கேட்கிறார்களே, அது உங்கள் நினைவுக்கு வரவில்லையா? நாட்டின் தலைவரே நாளுக்கு இருமுறை வந்து விசாரிக்கும் இடத்தை ஒரு பெண்மணியின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அந்தக் கூடாரம் எந்தத் தளபதியின் பெயராலும் அழைக்கப்படவில்லை. ருஃபைதாவின் கூடாரம் என்பதே அதன் பெயர்.

அகழ்ப் போர் முடிந்து, பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்பளிக்க ஸஅத் அந்தக் கூடாரத்திலிருந்துதான் கழுதை மீது அமர்த்தி அழைத்துச் செல்லப்பட்டார். தீர்ப்பளித்தபின் காயம் மீண்டும் திறந்துகொண்டது. ஸஅத் (ரலி) ஷஹீதானார்கள். அத்தனை பேணுதலுக்குப் பிறகும் ருஃபைதாவின் நோயாளி பிழைக்கவில்லை.

அதோடு அவர் ஓய்ந்து விட்டாரா? இப்னு ஸஅதின் நூல் இதே செய்தியை, அதே அஸ்லம் கோத்திரத்துக் குஐபா பின்த் ஸஅத் என்னும் பெயரில் கூறுகிறது. இருவரும் ஒருவரே என்று கொள்வாரும் உண்டு. அந்தப் பெண்மணி ஹிஜ்ரி 7இல், கி.பி. 628இல் நடந்த கைபர்ப் போரிலும் கலந்துகொண்டார் என்று அந்நூல் சொல்கிறது. ஆணுக்குரிய பங்கே அவருக்கும் வழங்கப்பட்டது என்பது வாகிதீயின் அறிவிப்பு. பெண்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டதே தவிர வரையறுத்த பங்கு இல்லை என்னும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருப்பதால், ஃபிக்ஹு அறிஞர்கள் இதில் விரிவாக விவாதித்துள்ளனர். அந்த விவாதத்துக்குள் இங்கே நான் நுழையவில்லை. பங்கோ அன்பளிப்போ, வெறுங்கையோடு அவர்கள் அனுப்பப்படவில்லை என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ருஃபைதா தனியொருவராகவும் இருக்கவில்லை. கைபருக்குப் புறப்படும் வேளையில், அதே அஸ்லம் கோத்திரத்து உம்மு ஸினான் (ரலி) வந்து, தண்ணீர்த் தோல்பைகளைத் தைக்கவும் நோயாளிகளையும் காயமுற்றோரையும் கவனிக்கவும் தாமும் வர அனுமதி கேட்டார். அவருடைய கோத்திரத்துப் பெண்களுக்கு ஏற்கனவே அனுமதி அளித்திருப்பதாகச் சொல்லி, அவருக்கும் பெருமானார் (ஸல்) இசைவு தந்தார்கள். கிஃபார் கோத்திரத்துப் பெண்களும் ஒரு குழுவாக வந்து அவ்வாறே அனுமதி பெற்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைப் பேணினார். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) காயம்பட்டோரையும் இறந்தோரையும் மதீனாவுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் ஈடுபட்டார். உஹதில் பெருமானாரின் திருமுகத்தில் வழிந்த குருதி, தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவப் பெருகுவதைக் கண்ட அன்னை ஃபாத்திமா (ரலி), பாய்த் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் அப்பினார்கள்; குருதி நின்றது. தண்ணீர் பயன்படவில்லை என்று கண்டவுடன் வேறு வழியை நாடிய அந்தத் தெளிவைப் பாருங்கள். பதற்றத்தில் கைகால் ஓடாமல் நிற்பவர்களால் இது முடியாது.

கற்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. இவ்வளவு மருத்துவ அறிவு எங்கிருந்து வந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவர்களுடைய சகோதரியின் மகன் உர்வா வியந்து கேட்டார். பெருமானார் (ஸல்) நோயுற்றிருந்த நாட்களில் பல திசைகளிலிருந்தும் வந்த தூதுக்குழுவினர் மருந்து முறைகளைச் சொல்வார்கள். அவற்றைக் கொண்டு தாம் பக்குவம் செய்து வந்ததாக அன்னையார் விடையளித்தார்கள். நோயாளியின் படுக்கையருகே கற்ற கல்வி அது. ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி), அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுத் தந்தவர். அதைப் போலவே நம்லா என்னும் தோல் நோய்க்கு ஓதிப் பார்க்கும் முறையையும் கற்றுத் தருமாறு நபியவர்கள் அவரிடம் கூறினார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது அன்றே நடைமுறையாக இருந்தது.

இனி, அந்நிய ஆணைப் பெண் தொடுவது பற்றிய கேள்விக்கு வருவோம். ஆணுக்குப் பெண் மருத்துவம் செய்யலாமா, பெண்ணுக்கு ஆண் செய்யலாமா என்னும் தலைப்பிலேயே ஸஹீஹுல் புகாரியில் ஒரு பாடம் இருக்கிறது. அதன்கீழ் இமாமவர்கள் எடுத்துவைப்பது மேலே சொன்ன ருபைய்யிஃ (ரலி) அவர்களின் அறிவிப்பைத்தான். தேவைக்கு உட்பட்டு, தேவையின் அளவோடு அது கூடும் என்பதே விளக்கவுரையாளர்கள் தந்த முடிவு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஒருபடி மேலே செல்கிறார்கள். மருத்துவத்தை அவர்கள் ஃபர்ழு கிஃபாயா என்கிறார்கள். ஊரில் சிலரேனும் அதைக் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எல்லாரும் ஃபிக்ஹைக் கற்கவே முண்டியடிக்கிறார்கள், மருத்துவம் கற்பார் இல்லை என்று இஹ்யாவிலே அவர்கள் வருந்துகிறார்கள். அரபி மத்ரஸாவில் ஆயுளைக் கழித்த என் போன்றோருக்கு அந்த வரிகள் சற்றுக் கசக்கத்தான் செய்யும்.

பிற்காலத்தில் கெய்ரோ மாநகரில் சுல்தான் கலாவூன் கட்டுவித்து 1284இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெண் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்களே நியமிக்கப்பட்டனர். நம் வீடுகளிலும் இதைத்தானே விரும்புகிறோம்? பிரசவ வார்டில் பெண் தாதிதான் வேண்டும் என்று வாதாடுகிறோம். வாதாடுவது சரி. ஆனால் அந்தத் தாதி அடுத்த வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும், நம் வீட்டுப் பெண் ஆகாது என்றால், இது எந்த வகை நியாயம்?

1854இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியரோடு இஸ்தான்புல் எதிர்க்கரையிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கு வந்ததையும், 1860இல் லண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதையும் நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். தாதித் தொழில் முறையான கல்வியாக வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருந்தனர்; இன்னும் 59 லட்சம் பேர் தேவைப்பட்டனர். இத்துறையில் சேரும் பெண் சாதாரணத் தாதியாகவே நின்றுவிட வேண்டியதில்லை. வார்டுப் பொறுப்பாளராகவும், கண்காணிப்பாளராகவும், கல்லூரி ஆசிரியராகவும் உயரலாம். புதுடில்லி ஜாமிஆ ஹம்தர்தில் இயங்கும் செவிலியர் கல்லூரிக்கு ருஃபைதாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அன்பர் வந்தார். இவையனைத்தையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டபின் இரண்டு சந்தேகங்களைக் கேட்டார். கல்லூரி விடுதியில் தொழுகைக்கு இடமுண்டா? தலையை மறைத்து உடுத்த அனுமதி உண்டா? இவற்றைக் கல்லூரியில்தான் கேட்டறிய வேண்டும் என்றேன். விண்ணப்பம் வாங்கப் போகும்போது மகளையும் அவள் பாட்டியையும் கூட அழைத்துச் செல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாட்டிதான் வீட்டில் கடைசிவரை இசையாமல் இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து அத்தனை வாரம் படுத்திருந்தவரும் அவரே.