கலப்பை செய்ய விரும்பியவரின் துப்பாக்கி

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் வெருகல். 2004 ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளி அதிகாலையில், அதன் ஆற்றங்கரையில் நேற்றுவரை ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள் எதிரெதிரே நின்று மோதிக்கொண்டனர். வடக்கிலிருந்து ஆற்றைக் கடந்தவர்களும் கிழக்கில் காத்திருந்தவர்களும் தமிழ்த் தாய்மாரின் பிள்ளைகளே. எமது போர்க்களங்களில் எங்கும் காணப்பட்ட ரி-56 துப்பாக்கி, சீனா 1956இல் உற்பத்தி செய்யத் தொடங்கிய நகல். அதன் மூலத்தைப் படைத்தவர் வெருகலின் பெயரையே அறிந்திருக்க நியாயமில்லாத ஒரு ரஷ்யர். அவரே மிகாயில் கலாஷ்னிகோவ்.

1919 நவம்பர் 10ஆம் திகதி, அல்தாய் பிரதேசத்தின் குர்யா என்னும் கிராமத்தில், விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பத்தொன்பது பிள்ளைகளுள் பதினேழாவது பிள்ளை. அவர்களுள் எட்டுப் பேரே வளர்ந்து ஆளாகினர். 1930இல், வசதிபடைத்த விவசாயிகள் என முத்திரை குத்தப்பட்டு, ஸ்டாலினின் ஆட்சியால் அக்குடும்பம் சைபீரியாவின் உட்பகுதிக்கு நாடு கடத்தப்பட்டது. முதற் குளிர்காலத்திலேயே தந்தையார் இறந்தார். இடம்பெயர்வின் வலியை அறிந்த எமக்கு அச்சிறுவனின் நிலையை விளக்கவேண்டியதில்லை. தன் குடும்பம் தண்டிக்கப்பட்ட கதையை அவர் பல தசாப்தங்கள் வெளியே சொல்லாமல் வாழ்ந்தார்.

1938இல் படையில் சேர்க்கப்பட்ட அவர் தாங்கிப் பிரிவில் பணியாற்றினார். 1941 ஒக்டோபரில் பிரியான்ஸ்க் அருகே ஜேர்மன் படைகளுடனான சமரில் படுகாயமடைந்தார். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது, எதிரியிடம் தானியங்கி ஆயுதங்கள் இருக்கத் தம்மிடம் போதிய துப்பாக்கியில்லை என்ற சக வீரர்களின் குறை அவர் காதில் விழுந்தது. அங்கிருந்தே அவர் வரைபடங்களைத் தீட்டத் தொடங்கினார். முதல் முயற்சிகள் நிராகரிக்கப்பட்டன. 1947இல் அவரது வடிவம் தேறியது. 1949இல் சோவியத் படை அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே ஏகே-47.

அதன் வெற்றிக்குக் காரணம் எளிமை. அசையும் பாகங்கள் குறைவு. அவற்றிடையே இடைவெளி தாராளம். ஆகவே மணலும் சேறும் புகுந்தாலும் அது இயங்கும். முப்பது ரவைகள் கொண்ட கூட்டை மாட்டிச் சுடப் பயிற்சியற்ற ஒருவரும் விரைவில் பழகிவிடலாம். படிப்பறிவு குறைந்த சிப்பாயை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட இந்த எளிமையே பின்னாளில் சிறுவர்களின் கையிலும் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெருகல் மோதலின் பின் கிழக்கில் வீடு திரும்பிய போராளிகளுள் பெருந்தொகையினர் பதினெட்டு வயதை எட்டாதவர்கள் என்பது இதற்கு எம் மண்ணின் சாட்சியம்.

போர்க்களத்திற்கென உருவான ஆயுதம் படைமுகாம்களுக்குள் நிற்கவில்லை. தோழமை நாடுகளுக்கு சோவியத் ஒன்றியம் அதனையும் தயாரிப்பு முறையையும் வழங்கியது. உலகில் சுமார் பத்துக் கோடி துப்பாக்கிகள் இவ்வகையைச் சேர்ந்தவை என மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் இதன் அரைத்தானியங்கி வடிவங்கள் பொதுமக்களுக்குக் கடைகளில் விற்கப்பட்டன. 1989 ஜனவரி 17ஆம் திகதி, கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரப் பாடசாலையொன்றில், அவ்வாறு வாங்கப்பட்ட சீனத் தயாரிப்பான 56 வகைத் துப்பாக்கியால் ஐந்து பிள்ளைகள் கொல்லப்பட்டனர். ஐவரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். போருக்குத் தப்பியோடிய பெற்றோரைப் போரின் துப்பாக்கி பள்ளி முற்றம்வரை துரத்தியது. அவ்வாண்டே கலிபோர்னியா இவ்வகை ஆயுதங்களைக் கட்டுப்படுத்தியது. 1994இல் வந்த தேசியத் தடையோ பத்தாண்டு எல்லையுடன் இயற்றப்பட்டது. வெருகலில் குருதி சிந்திய அதே 2004இல் அது காலாவதியானது.

எமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆயினும் போர்க்காலத்தில் எல்லைக் கிராமங்களின் ஊர்காவல் படையினருக்கு அரசே ஆயுதம் வழங்கியது. இயக்கங்களும் வழங்கின. 2009இல் போர் முடிந்த பின்னரும் தெற்கின் பாதாள உலகக் கொலைகளில் ரி-56 ஒலிப்பதை மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். சட்டம் ஏட்டில் இருப்பது போதாது; கொடுக்கப்பட்ட ஒவ்வோர் ஆயுதமும் கணக்கில் மீளவேண்டும்.

கலாஷ்னிகோவ் பட்டங்களும் பதக்கங்களும் பெற்றார். விற்பனையில் பங்குப்பணம் பெறவில்லை. விவசாய இயந்திரங்களைப் படைத்திருக்கலாமே என்ற ஆதங்கத்தை முதுமையில் வெளியிட்டார். பழி அரசியல்வாதிகளுடையது, தன்னுடையதன்று என்றும் நெடுங்காலம் வாதிட்டார். ஆனால் 2012இல், ரஷ்ய மரபுவழித் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய மடலில், தன் துப்பாக்கியால் மாண்டவர்களின் சாவுக்குத் தானும் பொறுப்பாளியா என்ற வேதனையை இறக்கிவைத்தார். 2013 டிசம்பர் 23ஆம் திகதி, இஷெவ்ஸ்க் நகரில், 94ஆவது வயதில் அவர் காலமானார்.

படைத்தவரே இறுதியில் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அந்த ஆயுதத்தைப் பிள்ளைகளின் கைகளில் திணித்தவர்களுள் எத்தனை பேர் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்டனர்? வெருகல் ஆற்றங்கரை இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றது.